யந்திரத்துக்கு முன் பயிற்சி

மரக்காணம் உப்பளத் தொழிலுக்குக் கோடை வெயிலே மூலதனம். அந்நாட்களில் உவர் நீர் இறைக்கும் பம்பு நின்றுவிட்டால் பாத்திக்கு நீர் இல்லை. உப்பு வாருவோருக்குக் கூலியும் இல்லை. சென்ற சித்திரையில் நாம் அப்பகுதிக்குச் சென்றிருந்தபோது ஓர் உப்பளத்தில் இத்தகைய நிலையைக் கண்டோம். பம்பினுள் சுழன்று நீரைத் தள்ளும் இம்பெல்லர் உப்பால் அரிக்கப்பட்டு உடைந்திருந்தது. மிகப் பழைய பம்பு ஆதலால் கடைகளில் மாற்று உறுப்புக் கிடைக்கவில்லை.

கணிப்பொறியில் வரைபடம் வரையக் கற்ற உள்ளூர் இளைஞர் ஒருவர், முப்பரிமாண அச்சு முறையில் அதனைச் செய்து தர முன்வந்தார். உடைந்த உறுப்பை அளந்து வரைந்து, நகரத்தில் ஒரே இரவில் பிளாஸ்டிக்கில் அச்சிட்டுக் கொணர்ந்தார். காலையில் பம்பு நன்றாக ஓடிற்று. நண்பகலில் வாய்க்காலில் நீர் குறைந்து, பம்பு சற்று நேரம் வறட்சியாக ஓடவே, சூடேறி இம்பெல்லரின் இதழ்கள் வளைந்து போயின. அவர் உபயோகித்த பி.எல்.ஏ. என்னும் பிளாஸ்டிக் ஏறக்குறைய 60 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலேயே இளகத் தொடங்குவது. அச்சிடும் யந்திரத்தின்மீது குற்றம் இல்லை; எந்த வேலைக்கு எந்தப் பொருள் தாங்கும் என்னும் அறிவே அங்கு குறைவாக இருந்தது.

அக்குறையைத் தீர்த்தவர் ஒரு முதிய வார்ப்புத் தொழிலாளி. “தம்பி, இதைப் பம்பிலே மாட்ட வேண்டாம்; எனக்குப் பேட்டர்னாகக் கொடு. உலோகம் ஆறும்போது சுருங்கும், அதற்குத் தக்கபடி கொஞ்சம் பெரிதாகச் செய்து கொண்டு வா” என்றார் அவர். இளைஞரும் அவ்வாறே செய்தார். பெரியவர் அதனை மணலில் பதித்து வெண்கலத்தில் வார்த்தார். கடைசல் பிடித்துப் பொருத்தியதும் பம்பு மீண்டும் ஓடியது.

இம்முறை யாது என்பதை அங்கத்தினர்கள் அறிதல் நலம். வழக்கமாக ஓர் உறுப்பைக் கட்டியிலிருந்து கடைந்தெடுப்போம்; அல்லது அச்சில் வார்ப்போம். முப்பரிமாண அச்சிலோ, ஊடைமேல் ஊடையாகத் துணி வளர்வது போல, மெல்லிய படிவத்தின்மேல் படிவமாக உறுப்பு வளர்கிறது. பிளாஸ்டிக் இழையை உருக்கி இடுவது ஒரு வகை. உலோகப் பொடியை லேசர் ஒளியால் உருக்கி இணைப்பது மற்றொரு வகை.

இதன் ஆற்றலுக்கு நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நான்காம் கட்டத்துக்காக இவ்வாறு செய்யப்பட்ட எஞ்சினை, 2024 மே மாதத்தில் மகேந்திரகிரியில் இஸ்ரோ 665 விநாடிகள் இயக்கிச் சோதித்தது. முன்பு 14 பாகங்களாக இருந்தது ஒரே பாகமாயிற்று. 19 பற்றவைப்பு இணைப்புகள் தேவையற்றுப் போயின. 565 கிலோ உலோகம் செலவான இடத்தில் 13.7 கிலோ பொடியே போதுமாயிற்று. உற்பத்திக் காலமும் 60 சதவீதம் குறைந்தது.

ஆயினும் இம்முறை எல்லா வேலைக்கும் ஏற்றதன்று. ஒரே உறுப்பு ஆயிரக்கணக்கில் வேண்டுமாயின் பழைய வார்ப்பு முறையே மலிவு, விரைவு. ஒன்றிரண்டு மட்டும் வேண்டிய உறுப்பு, கடையில் கிடைக்காத உறுப்பு, வார்ப்புக்கான பேட்டர்ன் ஆகியவற்றுக்கே இது சிறக்கும். தறியின் தேய்ந்த சிறு உறுப்புகளுக்கும், விவசாயிகளின் பம்புகளுக்கும் இதே விதி பொருந்தும்.

பயிற்சி பெறும் வாய்ப்பும் பெருகி வருகிறது. தமிழக அரசு 71 அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களைச் சுமார் 2,877 கோடி ரூபாய்ச் செலவில் டாட்டா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் சேர்ந்து நவீனத் தொழில்நுட்ப மையங்களாக்கும் திட்டத்தை மேற்கொண்டது. தொழிற்பயிற்சிப் பிரிவுகளில் முப்பரிமாண அச்சுத் தொழிலும் இன்று இடம் பெற்றுள்ளது. உப்பளத் தொழிலாளியின் மகனும் நெசவாளியின் மகளும் இதனைப் பயில ஏன் தயங்க வேண்டும்?

புதுமையைக் கண்டதும் சங்கப் பணத்தில் யந்திரம் வாங்கிவிடுவது முறையாகாது. இயக்கத் தெரிந்தவர் இன்றி உறையிட்டு மூடிக் கிடக்கும் யந்திரத்தால் வட்டிதான் வளரும். முதலில், ஒவ்வொரு சங்கமும் அடிக்கடி உடையும் உறுப்புகளின் பட்டியல் ஒன்றைத் தயாரிக்கட்டும். இரண்டாவதாக, அங்கத்தினர் குடும்பங்களிலிருந்து இரண்டு இளைஞரைத் தேர்ந்து பயிற்சிக்கு அனுப்பட்டும். பயிற்சி முடிந்ததும் அவர்கள் சில மாதங்கள் வார்ப்புப் பட்டறையிலும் கடைசல் பட்டறையிலும் பெரியவர்களிடம் பழகட்டும். அதுவரை நகரத்தில் கூலிக்கு அச்சிட்டுக் கொள்ளலாம். மூன்றாவதாக, வேலை போதிய அளவு சேருமாயின், அண்டைச் சங்கங்கள் பல ஒன்று கூடி ஒரே யந்திரம் வாங்கலாம்.

மேற்சொன்ன உப்பளத்தில் இளைஞருக்குத் தெரியாதது முதியவருக்குத் தெரிந்திருந்தது. முதியவரால் இயலாதது இளைஞருக்கு எளிதாயிருந்தது. இவ்விருவரையும் ஒரே பட்டறையில் சேர்த்து வைப்பது நம் சங்கங்களால் ஆகக்கூடிய காரியம். அடுத்த பொதுக்குழுவில் இதனை ஆலோசனைக்கு எடுத்துக்கொள்ளுமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக் கொள்கிறோம்.