இரண்டு வயது வரை காத்திருக்கலாமா? எஸ்.எம்.ஏ. மரபணு சிகிச்சையின் உண்மையான கெடு

எஸ்.எம்.ஏ. எனப்படும் முதுகுத் தண்டுவடத் தசைநார்ச் சிதைவு நோய்க்கான ‘ஸோல்ஜென்ஸ்மா’ மருந்துக்கு அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2019 மே மாதம் அனுமதி தந்தது. குழந்தைக்கு இரண்டு வயது நிறைந்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. இரண்டாவது பிறந்தநாளுக்குள் 16 கோடி ரூபாய் சேர்ந்துவிட்டால் குழந்தை குணமாகிவிடும் என்ற நம்பிக்கை அதிலிருந்து பிறந்தது. தமிழ்நாட்டிலும் குடும்பங்கள் ஊர் ஊராக நன்கொடை கேட்டது அந்த நம்பிக்கையில்தான். நோய் அந்தப் பிறந்தநாளுக்காகக் காத்திருப்பதில்லை.

மருந்தின் வேலை நுட்பமானது. சொந்த மரபணுக்கள் நீக்கப்பட்ட ஏஏவி9 என்ற வைரஸின் கூட்டுக்குள், குழந்தையிடம் பழுதாகியிருக்கும் எஸ்எம்என்1 மரபணுவின் நல்ல நகல் வைக்கப்படுகிறது. சுமார் ஒரு மணி நேரம் ரத்தக்குழாய் வழியே ஏறும் இந்த வைரஸ், தசைகளை இயக்கும் நரம்பணுக்களுக்குள் புகுந்து நகலை உட்கருவில் சேர்க்கிறது. நகல் பெரும்பாலும் குரோமோசோமோடு இணைவதில்லை. தனி வளையமாக ஒதுங்கி நிற்கிறது. செல் பிரிந்தால் வளையம் பெருகாது. தலைமுறைக்குத் தலைமுறை நீர்த்துப்போகும். வளரும் குழந்தையின் கல்லீரலில் நடப்பது அதுதான். பிறந்தபின் நரம்பணுக்கள் பிரிவதில்லை என்பதால் அங்கே வளையம் தங்கிவிடுகிறது.

‘வாழ்நாளில் ஒரே தவணை’ என்ற அறிவிப்பின் ஒரு பாதி இது. மறுபாதியை யாரும் உரக்கச் சொல்வதில்லை. முதல் தவணைக்குப் பின் ரத்தத்தில் இந்த வைரஸுக்கு எதிரான ஆன்டிபாடிகள் நிறைந்துவிடும். இரண்டாவது தவணை கொடுத்தால் நரம்பணுவை எட்டும் முன்பே அவை அதை மடக்கிவிடும். ஒரே தவணை போதுமானது என்பதோடு, இன்னொன்று கொடுக்கவே வழியில்லை என்பதும் பெற்றோருக்குத் தெரிந்தாக வேண்டும். முதல் சோதனையில் மருந்து பெற்றவர்களுக்கே இப்போது பத்து வயதைச் சற்றுத் தாண்டியிருக்கிறது. ஆயுள் முழுதும் பலன் நீடிக்கும் என்பதற்கு இன்னும் சான்று இல்லை.

மடிந்த நரம்பணுவை எந்த மரபணுவும் உயிர்ப்பிக்காது. 2017இல் வெளியான அந்த முதல் சோதனையில் பங்கேற்றவர்கள் அறிகுறி தோன்றிய 15 குழந்தைகள். 20 மாத வயதில் எல்லோரும் நிரந்தர சுவாசக் கருவி இன்றி உயிரோடு இருந்தார்கள். ஆனால் அதிக அளவு மருந்து பெற்ற 12 பேரில் இருவரே துணையின்றி நடந்தார்கள். அறிகுறி தோன்றும் முன், பிறந்த ஆறு வாரத்துக்குள் மருந்து பெற்ற குழந்தைகளில் நடந்தவர்களின் பங்கு இதைவிட வெகு அதிகம். பச்சிளம் குழந்தையின் குதிகாலில் எடுக்கும் ஒரு சொட்டு ரத்தத்தைப் பரிசோதித்தாலே நோயை அறிந்துவிடலாம். நன்கொடை திரட்டும் மாதங்களில் இழப்பது நரம்பணுக்களை.

வயது வரம்பு ஏன்? எடை கூடக் கூட வைரஸின் அளவும் கூட்ட வேண்டும். அது கல்லீரலைத் தாக்கும்.

ஆபத்து உண்டா? கல்லீரல் செயலிழந்து குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். மருந்துக்கு முந்தைய நாளே ஸ்டீராய்டு தொடங்கப்படும்.

அரசு உதவி? அரிய நோய்களுக்கான ஒன்றிய அரசின் கொள்கையில் உச்சவரம்பு 50 லட்சம் ரூபாய்.

கருவிலேயே கொடுக்கலாமா? கர்ப்பிணிக்கு ரிஸ்டிப்ளாம் கொடுத்து, கருவிலிருந்த குழந்தைக்கு எஸ்.எம்.ஏ. சிகிச்சை அளித்த முயற்சி 2025இல் அமெரிக்காவிலிருந்து வெளியானது. அது வாய்வழி மருந்து, மரபணு சிகிச்சை அல்ல.