முடி சூடாத வள்ளல்கள்

சங்கத் தமிழகத்தில் முடிவேந்தர் மூவரே. ஆயினும், ‘வள்ளல்’ என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் நாவில் முதற்கண் எழும் பெயர் பாரியுடையதன்றோ? முல்லைக் கொடிக்குத் தேர் ஈந்த அவன் பறம்புமலைக்குத் தலைவனேயன்றி முடிவேந்தன் அல்லன். அம்மலையை முற்றுகையிட்ட மூவேந்தரின் இயற்பெயர்களைச் சொல்ல வல்லார் இன்று எத்துணைப் பேர்? பாரியின் பெயரையோ பள்ளிச் சிறுவனும் அறிவான். முடி வேறு, புகழ் வேறு.

இக்காலத்தில் முடியின் இடத்தைப் பிரதமர் பதவி பிடித்துக்கொண்டது. அப்பதவியை எய்தாதார் தோற்றவர் எனக் கருதுவது உலக வழக்கு. அவ்வழக்குப் பிழையானது என்பதற்கு இரண்டாம் உலகப் போரையடுத்த பிரித்தானியாவிலேயே இரு சான்றுகள் உள.

ஒருவர் பட்லர். 1902-இல் பஞ்சாபின் அட்டோக் பகுதியிற் பிறந்தவர். போர் நடந்துகொண்டிருந்த 1944-இலேயே, இங்கிலாந்திலும் வேல்சிலும் அரசுசார் இடைநிலைப் பள்ளிகளில் கட்டணத்தை ஒழித்த கல்விச் சட்டத்தை நிறைவேற்றினார். பின்னர் நிதி, உள்நாடு, வெளிநாடு ஆகிய மூன்று பெருந்துறைகளையும் ஆண்டார். 1957-இல் பிரதமர் பதவி அவர் வாயில்வரை வந்து மக்மிலனிடம் சென்றது. 1963-இல் மீண்டும் வந்தது. அவ்வேளை ஹியூம் பிரபு அதனைப் பெற்றுத் தம் பிரபுப் பட்டத்தைத் துறந்தார்.

மற்றவர் அன்யூரின் பெவன். வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளியின் மகன்; பதின்மூன்று வயதில் தாமும் நிலக்கரிச் சுரங்கத்துட் புகுந்தவர். அவருடைய ஊரில் தொழிலாளர் தம் கூலியில் ஒரு பங்கை ஈந்து பொது மருத்துவ நிதியம் ஒன்றை நடத்தினர். ஓரூர்க்கு இயன்றது ஒரு நாட்டுக்கு இயலாதா என்பது அவர் வினா. சுகாதார அமைச்சராகி, 1948 ஜூலை 5-ஆம் நாள் தேசியச் சுகாதார சேவையைத் தொடக்கி வைத்தார். 1951-இல் மூக்குக் கண்ணாடிக்கும் செயற்கைப் பல்லுக்கும் கட்டணம் விதிக்க அரசு முற்பட்டபோது, பதவியைத் துறந்து வெளியேறினார். 1955-இல் தொழிற்கட்சித் தலைமைப் போட்டியிலும் தோற்றார். 1960-இல் மறைந்தார், அவர் தொடக்கிய சேவை மறையவில்லை.

இனி நம் நாட்டிற்கு வருவோம். அம்பலாங்கொடைக்கு அணித்தான சிற்றூரில் 1884-இற் பிறந்த சி. டபிள்யு. டபிள்யு. கன்னங்கரா, புலமைப்பரிசில் பெற்றுக் காலி றிச்மண்ட் கல்லூரியிற் பயின்றவர். பிறர் உதவியாற் கற்றதை அவர் மறந்தாரல்லர். 1931 முதல் 1947 வரை கல்வி மந்திரியாக இருந்த பதினாறு ஆண்டுகளில் நாட்டுப்புறங்களில் மத்திய பாடசாலைகளை நிறுவினார். அவர் தலைமையில் அமைந்த விசேட குழு 1943-இல் அறிக்கை தந்தது. பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி. தொடக்க வகுப்புகளிற் தாய்மொழியே பயிற்றுமொழி. பட்லர் சட்டத்தின் கட்டணவிலக்கு இடைநிலைப் பள்ளியோடு நின்றது. கன்னங்கராவின் கனவோ பல்கலைக்கழக வாயில்வரை சென்றது. எதிர்த்தோர் பலர். ஆயினும் 1945 அக்டோபர் முதலாம் நாள் அது நடைமுறைக்கு வந்தது.

இரண்டே ஆண்டுகளிற் பொதுத் தேர்தல் வந்தது. நாட்டின் முதற் பிரதமரை ஈன்ற அத்தேர்தலில் கன்னங்கரா மத்துகமைத் தொகுதியிற் தோற்றுப் போனார். 1952-இல் மீண்டும் வென்று அமைச்சரானார். ஆனால் அவர்க்குக் கிடைத்தது உள்ளூராட்சித் துறை. தாம் நட்ட மரத்திற்குத் தாமே நீர் வார்க்கும் வாய்ப்பு அவர்க்கு மறுபடி வாய்க்கவில்லை. 1969-இல் மறைந்தார்.

புகழ்வது ஒன்றே நம் கடன் அன்று. அவ்வள்ளன்மை எட்டாத இடமும் இருந்தது. தோட்டப் பாடசாலைகள் நெடுங்காலம் தோட்ட நிருவாகத்தின் கையிலேயே கிடந்தன. நாடெங்கும் இலவசக் கல்வி மணி ஒலித்தபோது, லயன்களிற் பிறந்த தமிழ்ச் சிறுவர் பெரும்பாலோர் சில வகுப்புகளோடு கொழுந்துக் கூடையை ஏந்தினர். 1948-இன் குடியுரிமைச் சட்டத்தால் அவர்தம் பெற்றோர் நாடற்றோராயினர். வாக்கற்றார் குரலை யார் கேட்பார்? 1970-களிலேதான் அரசு அப்பாடசாலைகளைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது. நாடற்றோராய் எஞ்சியவர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 1988-இலேதான் வந்தது. அதற்காக நெடுநாள் போராடிய சௌமியமூர்த்தி தொண்டமானும் பிரதமர் பதவியை எய்தியவர் அல்லர்.

மாத்தளை மாவட்டத்துப் பல்லேபொலயில் இருந்துகொண்டு இதனை எழுதுகின்றோம். வயல்சூழ்ந்த சிற்றூர்களும் தோட்டங்களும் உடையது இம்மாவட்டம். இங்கே உழவன் மகனும், கொழுந்து பறிப்பவள் மகளும் கட்டணம் செலுத்தாமல் வகுப்பில் அமர்கின்றனர். அவர்தம் பாடப்புத்தகத்தில் பிரதமர்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும், பரீட்சைக்காக அவற்றை மனனம் செய்வர், பின் மறப்பர். அவர்கள் அமர்ந்திருக்கும் வாங்கோ, பிரதமராகாத ஒருவர் ஈந்தது. ஆசிரியராகிய நாம் அதனை அவர்க்குச் சொல்லல் வேண்டும். தேரைப் பெற்ற முல்லைக்கு நா இல்லை. நம் மாணவர்க்கு உண்டு.