பட்டா நிலத்து மண் யாருக்குச் சொந்தம்?

எங்கள் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் தொழிற்சாலை எழுமுன் தாழ்ந்த நிலத்தை மேடாக்குவர். அதற்கு மண் வேண்டும். "பட்டா என் பெயரில் இருக்கிறது, என் மண்ணை நான் விற்கக் கூடாதா?" என்று உழவர் கேட்பதை நான் அறிவேன். சட்டம் கூறும் விடையைச் சற்று ஆராய்வோம்.

உரிமை வேறு, தோண்டும் அனுமதி வேறு. நிலத்தடிக் கனிமம் பொதுவாக நில உடைமையாளரையே சாரும், சட்டம் பறித்தாலன்றி அரசுக்குப் போகாது என்று மலபார் ஜன்மி நிலங்கள் பற்றிய வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆயினும், 1957-ஆம் ஆண்டுக் கனிமச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, சிறுகனிமங்களை நெறிப்படுத்தும் அதிகாரத்தை மாநிலங்களுக்கு அளிக்கிறது. நமக்குரியவை 1959-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள். சாலை, கட்டடம் ஆகியவற்றுக்காக நிலத்தை நிரப்பப் பயன்படும் சாதாரண மண்ணும் 2000 பிப்ரவரி 3-இல் சிறுகனிமமாக அறிவிக்கப்பட்டது. ஆகவே, பட்டாதாரரும் அனுமதி பெற்று, சீனியரேஜ் தொகை செலுத்தியே மண்ணை வெட்டி விற்க வேண்டும்.

அடித்தளத்துக்காகத் தோண்டிய மண்? தோண்டியதனால் மட்டும் கட்டணம் விழாது. அது எதற்குப் பயன்பட்டது என்றே பார்க்க வேண்டும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

எனவே நண்பர்களே, விலை பேசுமுன் அனுமதியையும் நடைச்சீட்டையும் கேட்கச் சொல்லுங்கள். லாரி போனபின் குழியும் வழக்கும் நிலத்துக்காரருக்கே எஞ்சும்!