வீட்டிற்கு உடற்பயிற்சிக் கருவி: வாங்குவதற்கு முன்

மாரடைப்புச் சிகிச்சைக்குப்பின் வீடு திரும்புவோரின் குடும்பத்தினர் எங்களிடம் அடிக்கடி கேட்பது, “டிரெட்மில் வாங்கலாமா?” என்பதே. முதலில் மருத்துவரின் ஒப்புதலைப் பெறுங்கள் என்கிறோம். முழங்கால் வலியோ தள்ளாட்டமோ உள்ளவர்களுக்கு உடற்பயிற்சி சைக்கிளே ஏற்றது. உடல் எடையின் பெரும்பகுதியை அதன் இருக்கை தாங்கிக்கொள்ளும். டிரெட்மில்தான் வேண்டுமெனில், உறுதியான கைப்பிடிகளும், தடுமாறினால் ஓட்டத்தை உடனே நிறுத்தும், ஆடையில் மாட்டிக்கொள்ளும் பாதுகாப்புச் சாவியும் உள்ளனவா எனப் பாருங்கள்.

பீட்டா பிளாக்கர் மாத்திரை உட்கொள்வோருக்கு நாடித்துடிப்பு வழக்கம்போல் உயராது. ஆகவே கருவியின் திரை காட்டும் எண்ணை மட்டும் நம்பாமல், மூச்சிரைக்காமல் பேச இயலும் வேகத்தையே அளவாகக் கொள்ளுங்கள். நெஞ்சில் இறுக்கமோ தலைச்சுற்றலோ தோன்றினால் பயிற்சியை நிறுத்தி, உடனே மருத்துவ உதவியை நாடுங்கள்.

கருவி வாங்க இயலாதோர் வருந்த வேண்டா. மருத்துவர் அனுமதித்த அளவில் சமதளத்தில் நாள்தோறும் நடப்பதும் இதயத்திற்கு நற்பயிற்சியே.