காத்து அடிக்குது, கொஞ்சம் பொறுங்க!

எங்கேயாவது கிரேன் வேலை நடந்தா நாம எல்லாரும் வாயைப் பிளந்து வேடிக்கை பார்ப்போம். அவ்வளவு பெரிய இயந்திரம் சில நேரம் சாய்ந்து விழுகிறதே, ஏன் தெரியுமா?

ஒரு வாளித் தண்ணீரை உடம்போடு ஒட்டித் தூக்குங்கள். சுலபம். அதையே கையை நீட்டித் தூக்கிப் பாருங்க, தோள் கழண்டுடும்! கிரேனும் அப்படித்தான். 'பூம்' என்னும் அதன் நீண்ட கை எவ்வளவு தள்ளிப் போகிறதோ, அவ்வளவுக்குத் தூக்கும் திறன் குறையும். 50 டன் கிரேன்னு எழுதியிருந்தா, எவ்வளவு தூரத்திலும் 50 டன் தூக்கும்னு நினைக்கக் கூடாது. எத்தனை மீட்டருக்கு எத்தனை டன் என்று ஓட்டுநர் அறையில் அட்டவணை இருக்கும்.

அடுத்தது காற்று. அதன் வேகம் 2 மடங்கானால் தள்ளும் விசை 4 மடங்காகும். பூம், கீழ்நோக்கி இழுக்கும் எடையைத் தாங்கத்தான் செய்யப்பட்டது. பக்கவாட்டில் தள்ளினா அவ்வளவு தாங்காது.

அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் மில்லர் பார்க் என்ற பேஸ்பால் மைதானம் கட்டினார்கள். கூரை வேலை பின்தங்கியிருந்தது. 1999 ஜூலை 14 அன்று நல்ல காற்று. ஆனாலும் 400 டன்னுக்கு மேல் எடையுள்ள கூரைத் துண்டை, 567 அடி உயர 'பிக் புளூ' கிரேன் தூக்கியது. கிரேன் மேல் படும் காற்றைக் கணக்குப் போட்டவர்கள், தொங்கும் கூரை மேல் படும் காற்றை விட்டுவிட்டார்கள். அந்த அகலமான கூரையோ பாய்மரம் மாதிரி காற்றைப் பிடித்தது! பூம் முறிந்து விழுந்தது. பக்கத்தில் வேறொரு கிரேனின் கூண்டில் நின்ற 3 தொழிலாளர்கள் இறந்தார்கள். 2000-ல் திறக்க வேண்டிய மைதானம் 2001-ல்தான் திறந்தது. ஒரு நாள் பொறுக்காததுக்கு ஒரு வருஷம் போச்சு. போன 3 உயிரை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

கிரேன் வேலைக்குப் போகும் எங்க மாமா சொல்வார்: "மேஸ்திரி அவசரப்படுத்துவார், இன்ஜினீயர் அவசரப்படுத்துவார். காத்துக்கு நம்ம அவசரம் தெரியாதுடா." மற்ற சைகையெல்லாம் சிக்னல் கொடுப்பவர் ஒருத்தர்தான் காட்டணுமாம். ஆனா 'நிறுத்து'ன்னு யார் கை காட்டினாலும், நேத்து வேலைக்குச் சேர்ந்த பையனா இருந்தாலும், ஓட்டுநர் உடனே நிறுத்தியாகணும். நிறுத்தினதுக்கப்புறம்தான் ஏன்னு கேட்கணுமாம்.

நாமளும் வேடிக்கை பார்க்கலாம். ஆனா சுமைக்குக் கீழே மட்டுமல்ல, பூம் சாய்ந்தா எட்டுகிற தூரத்துக்குள்ளேயும் நிற்காதீங்க. அது நாம நினைக்கிறதை விட ரொம்ப நீளம்!