"பை நிறைந்து விட்டது!" என்று சொல்வது யார்?

சேலத்தில் இருந்து கரூர் போகும் நெடுஞ்சாலையில் இருக்கிறது, நாமக்கல். லாரிக்கு பாடி கட்டுவதில் பெயர் பெற்ற ஊர். இரவும் பகலும் அந்தச் சாலையில் லாரிகள் ஓடுகின்றன.

டீசல் எவ்வளவு இருக்கிறது என்று காட்ட லாரியில் ஒரு முள் உண்டு. டிரைவரின் அடிவயிற்றிலும் ஒரு தொட்டி இருக்கிறது. அதுதான் சிறுநீர்ப்பை. அதற்கு முள் கிடையாது. ஆனாலும் அது நிறைந்ததும் அவருக்குத் தெரிந்து விடுகிறது. எப்படி?

ஊசியால் அழுத்தினார்கள்

ஆர்டம் பட்டபூட்டியன் லெபனான் நாட்டில் பிறந்தவர். அமெரிக்காவில் குடியேறிய விஞ்ஞானி. அவருடைய ஆராய்ச்சிக் கூடத்தில், உயிர் அணுக்களை மெல்லிய கண்ணாடி ஊசியால் அழுத்திப் பார்த்தார்கள். அழுத்தியதும் அணுவுக்குள் மின்சாரம் பாய்ந்தது!

அதற்குக் காரணம் எது? 72 மரபணுக்கள் மீது சந்தேகம் விழுந்தது. அவற்றை ஒவ்வொன்றாக அடக்கிப் பார்த்தார்கள். உரியது அகப்பட்டது. அதற்கு "பியசோ-1" என்று பெயர் வைத்தார்கள். அதன் உடன்பிறப்பு "பியசோ-2". இது நடந்தது 2010-ம் ஆண்டில்.

2021-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மிளகாயின் காரம் எப்படி உறைக்கிறது என்று கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ், அந்தப் பரிசைப் பகிர்ந்து கொண்டார்.

விசிறி போன்ற வாசல்

சிறுநீர்ப்பையின் உள்சுவரில் உள்ள அணுக்களில் பியசோ-2 இருக்கிறது என்று 2020-ல் தெரிய வந்தது. இது ஒரு புரதம். பார்ப்பதற்கு மூன்று இறக்கை விசிறி போல் இருக்கும்.

பை நிறைய நிறைய, சுவர் இழுபடுகிறது. விசிறி விரிகிறது. நடுவில் உள்ள சின்ன வாசல் திறக்கிறது. மின்சாரம் ஏறிய உப்புத் துகள்கள் உள்ளே பாய்கின்றன. உடனே பக்கத்து நரம்புக்குச் சேதி போகிறது. அந்த நரம்பிலும் இதே வாசல் உண்டு. சேதி முதுகுத்தண்டு வழியாக மூளைக்கு ஏறுகிறது.

சுமார் 200 மில்லி சேர்ந்ததும் முதல் சேதி வரும். 400 மில்லி ஆனால் அவசரம்தான்!

பிறவியிலேயே பியசோ-2 பழுதான சிலர் இருக்கிறார்கள். பை நிறைந்தது அவர்களுக்குச் சரியாகத் தெரிவதில்லை. கடிகாரத்தைப் பார்த்துத்தான் சிறுநீர் கழிக்கிறார்கள்!

சேதி வந்தும் பயன் இல்லை

மற்றவர்களுக்குச் சேதி வருகிறது. ஆனால் கேட்பதில்லை. லாரியை நிறுத்த இடம் இல்லை என்று டிரைவர் அடக்கிக் கொள்கிறார். மரவள்ளிக் காட்டில் களை எடுக்கும் பெண், மறைவிடம் இல்லை என்று தண்ணீரே குடிப்பதில்லை.

சிறுநீர் தேங்கினால் கிருமி பெருகும். தண்ணீர் குறைந்தால் கல் உண்டாகும். பெண்களுக்குச் சிறுநீர்ப் பாதை குட்டையானது. கிருமி சீக்கிரம் ஏறிவிடும். நீண்ட நாள் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு நரம்பு மரத்துப் போய், சேதியே வராமல் போகலாம். அவர்கள் உணர்ச்சிக்காகக் காத்திராமல், நேரம் வைத்துப் போவது நல்லது.

எரிச்சலோ, காய்ச்சலோ, சிறுநீரில் ரத்தமோ கண்டால் உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

உடம்பு தன் வேலையைத் தவறாமல் செய்கிறது. நேரத்தோடு சேதி சொல்லி விடுகிறது. சாலை ஓரத்திலும், வேலை செய்யும் இடத்திலும் கழிப்பிடம் கட்ட வேண்டியது மனிதர்களின் வேலை!