எங்கள் குடத்துக்குள் கிருஷ்ணா

"பாட்டி, இந்தத் தண்ணி எங்கேர்ந்து வருது?"

மயிலாப்பூரில் எங்கள் வீட்டு அடிபம்பில் குடம் பிடித்துக்கொண்டிருந்தேன். கேட்டவன் பேரன். "கிருஷ்ணா தண்ணிடா கண்ணா" என்றேன். "கிருஷ்ணர் அனுப்பறாரா?" என்றானே பார்க்கலாம்!

சிரித்துவிட்டேனே தவிர, எனக்கும் வழி தெரியாதுதான். மத்தியானம் அவன் அக்காவின் அட்லஸை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மகாராஷ்டிரத்தில், மகாபலேஷ்வர் மலையில் பிறக்கிறாள் கிருஷ்ணா. அங்கிருந்து அரபிக்கடல் சுமார் 64 கிலோமீட்டர்தான். ஆனால் நிலம் கிழக்கே சரிவதால், பக்கத்துக் கடலை விட்டுவிட்டு 1,400 கிலோமீட்டர் ஓடி வங்கக் கடலைச் சேருகிறாள். (தூர தேசத்தில் வாழ்க்கைப்பட்ட பெண் மாதிரி!) நடுவில் நல்லமலைக் காடு, புலி நடமாடும் இடம். அங்கேதான் ஸ்ரீசைலம் அணை. நம் பங்கு அங்கே பிரிந்து, போத்திரெட்டிபாடு மதகு வழியாகக் கால்வாயில் இறங்கி, சோமசிலா, கண்டலேறு அணைகளைத் தாண்டி, இன்னும் 152 கிலோமீட்டர் வந்தால்தான் ஊத்துக்கோட்டைப் பக்கம் தமிழக எல்லை. அப்புறம் 25 கிலோமீட்டரில் பூண்டி ஏரி.

மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் ஆளுக்கு 5 டி.எம்.சி. தர ஒப்புக்கொண்டது 1976-ல். ஆவியாவது போக எல்லையில் 12 டி.எம்.சி. என்று கணக்கு. ஒரு டி.எம்.சி. என்றால் சுமார் 2,830 கோடி லிட்டர்! ஆந்திரத்துடன் ஒப்பந்தம் 1983-ல். முதல் தண்ணீர் எல்லையைத் தொட்டது 1996-ல். ஒப்பந்தத்தன்று பிறந்த பெண் அதற்குள் தாவணி போட்டிருப்பாள்.

ஏட்டில் 12 என்றாலும் எல்லா வருஷமும் அவ்வளவு வருவதில்லை. 2019 கோடையை மறக்க முடியுமா, சகோதரிகளே? நம் ஏரிகளெல்லாம் வறண்டுவிட்டன. என் மகள் பிரசவத்துக்கு வந்திருந்த சமயம். ராத்திரி பதினொரு மணிக்கு லாரி வரும், குடத்தோடு ஓடுவேன். அரிசி கழுவின தண்ணீரில் பாத்திரம் தேய்த்து, மிச்சம் பிடித்த நல்ல தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவைத்தால், குழந்தையைத் துடைக்க ஒரு சொம்பு தேறும். அந்தக் குழந்தைதான் இப்போது கேள்வி கேட்டவன்.

இன்று வீராணமும் கடல் தண்ணீரும் கூடச் சேர்ந்துதான் நகரத்துக்கு வருகிறது. குடத்தில் கிருஷ்ணா எத்தனை டம்ளர் என்று பிரிக்க முடியாது.

சாயந்திரம் அவனுக்கு வழியைக் காட்டினேன். நீலப் பென்சிலால் மகாபலேஷ்வரிலிருந்து கோடு இழுத்தான். பூண்டியோடு நிற்கவில்லை, அட்லஸைத் தாண்டி, எங்கள் சமையலறைச் சுவர் வரைக்கும் வந்துவிட்டது. அக்காவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான்.